மலைப்பாதையைத் தூக்கியவள்

மலைப்பாதையைத் தூக்கிவிட்டார்கள். வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் நெஞ்சில் வருஷக்கணக்காகக் கிடந்து உறுத்திய விஷயம் இதுதான். சொந்தத் தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது தன்னைக் கூப்பிடாததைக்கூட அவர் ஒருமாதிரி மறந்துவிட்டார். இதை மட்டும் மறக்கவில்லை.

செல்போனில் ஆடுகிற பஸ் கேம் அது. ஆளை ஏற்றி, ஆளை இறக்கி, ஊர் ஊராக பஸ் ஓட்ட வேண்டும். போனை இந்தப் பக்கம் சாய்த்தால் பஸ் இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம். சமவெளிப் பாதையை எவன் வேண்டுமானாலும் ஓட்டிவிடுவான். மலைப்பாதைக்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், வளைவுக்கு வளைவு மூடுபனி, உச்சியில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிவரை பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சேர்க்க மெக்கானிக் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசிவரை சேர்க்கவில்லை என்பது வேறு விஷயம். உச்சிக்கு முந்தின வளைவில் பஸ் தன்பாட்டுக்குப் பள்ளத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு போகும். உருளும். உள்ளே இருக்கிற பொம்மை ஜனங்கள் கத்துவார்கள். மெக்கானிக்கும் கத்துவார்.

கேமுக்குக் கீழே கருத்து எழுத ஓர் இடம் உண்டு. அதில் அவர் எழுதுவார்: 'பஸ் உருளுது. உங்களையெல்லாம் டிரம்முல போட்டு சுத்தணும்.' ஒருநாள் கேம் புதுசாக மாறி வந்தது. திறந்து பார்த்தால் மலையே இல்லை. அந்த இடத்தில் விமான நிலையத்துக்குப் போகிற பாதை ஒன்று, இஸ்திரி போட்ட மாதிரி நேராக. அன்றைக்கும் எழுதினார்: 'மலையை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கீங்க? டிரம்முல போட்டு சுத்தணும் உங்களை.' இருந்தபோதும் திட்டினார், இல்லாதபோதும் திட்டினார். இதில் கோணலாக எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மலையைப் பிடுங்கித் தனியாக விற்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அவர் மட்டும் இல்லை, அந்தக் கேமை ஆடுகிறவர்கள் போனில் ஒரு குரூப்பே வைத்திருந்தார்கள், அத்தனை பேருடைய கணக்கும் அதுதான். குரூப்புக்குத் தலைவன் ஒருவன். எல்லோரும் அவனை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதமாட்டான், குரலில்தான் பேசி அனுப்புவான். எடுத்தவுடன் தொண்டையை இரண்டு தரம் கனைத்து, "விஷயம் என்னன்னா" என்று ஆரம்பிப்பான். அப்புறம் கம்பெனிக்காரனைக் கிழித்துத் தோரணம் கட்டுவான். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில், பழைய மெஷின்களுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியை விரித்து இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு, அதைக் கேட்பதுதான் மெக்கானிக்குக் கிடைத்த ஒரே கச்சேரி. அவர் அங்கே எழுத்தில்தான் பேசுவார். தன் குரல் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கும் என்று மனைவி சொன்னதிலிருந்து குரல் அனுப்புவதில்லை.

கடைக்கு மேல்மாடியில் புதிதாக இரண்டு பேர் குடிவந்தார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவளுக்குச் சித்தி முறையில் ஒரு அம்மாள். வந்த அன்றே ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டிவிட்டார்கள். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பேர் எழுத இடமிருந்தது, எழுதவில்லை. பார்சல்காரன் வந்தால் சித்தி கதவைச் சங்கிலி போட்டபடி ஒரு சாண் திறந்து, அவன் முகத்தை மேலும் கீழும் பார்த்து, கையை மட்டும் நீட்டுவாள். பெண் வேலைக்குப் போகிறதாகத் தெரியவில்லை. ஆனால் பகல் முழுக்க மாடியில் பஸ் ஓடுகிற சத்தம். கியர் மாறும், பிரேக் பிடிக்கும், நாலைந்து பேர் ஒரே குரலில் அலறுவார்கள். பிறகு நிசப்தம். மறுபடி பஸ் கிளம்பும்.

"ஏங்க, மேல என்னமோ சரியில்லைங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு, அவளுக்கும் எல்லாம் கேட்கும். "யாரையோ அடைச்சு வெச்சு சித்ரவதை பண்றாங்க."

"அடைச்சு வெச்சவனுக்கு எதுக்குடி பஸ் ஓட்டிக் காட்டறாங்க?"

"அதான் சித்ரவதை. நீங்க அந்தப் போனை வெச்சு ஓட்டறப்ப எனக்கு இருக்குற மாதிரி."

 அந்த அலறல் எங்கேயோ கேட்ட அலறலாக மெக்கானிக்குப் பட்டது.

ஒருநாள் காலை சித்தியே கடைக்கு இறங்கி வந்தாள். வாசற்படியில் காலை வைக்காமல் தெருவில் நின்றபடியே பேசினாள்.

"தம்பி, மெஷின் ஓடுது."

"ஓடினா நல்லதுதானேக்கா."

"அய்ய, இடத்தை விட்டு ஓடுது. துணி பிழியறப்ப பாத்ரூம்ல இருந்து கிளம்பி ஹாலுக்கு வந்துடுது. நேத்து என் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னு நடுங்கிட்டு இருக்கு. பேயடிச்ச மாதிரி."

"எந்தப் பக்கம் சாஞ்சு ஓடுது? துணி நிறைய போட்டா ஓடுதா, கம்மியா போட்டா ஓடுதா? சத்தம் முதல்ல வருதா, ஆட்டம் முதல்ல வருதா?"

"இத்தனை கேள்வி எதுக்கு? வந்து பாக்க வேண்டியதுதானே?"

"ஓடுதுன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டா நான் எதைன்னு பாக்கறது? டாக்டர்கிட்ட போய் உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவர் ஊசியை எங்க போடுவார்?"

இது மெக்கானிக் எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்கிற வசனம். சித்திக்கு அது பிடித்ததாகத் தெரியவில்லை. மெஷினைக் கீழே கொண்டுவந்து பார்க்க முடியாதா என்று கேட்டாள். மெஷினைக் கொண்டுவரலாம், அது நிற்கிற தரையைக் கொண்டுவர முடியாதே என்றார் அவர். வேறு வழியில்லாமல் மேலே கூட்டிப்போனாள். பாத்ரூம் வரைக்கும் அவருக்கு முன்னால் ஒரு காவலாளி மாதிரி நடந்தாள்.

மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து மெஷின் தலையில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு ஓரமாக ஒதுங்கியது. நாலு காலில் ஒரு கால் தூக்கியிருந்தது. திருகி இறக்கினார். நிமிரும்போது எதிர் அறைக்கதவு கொஞ்சம் திறந்திருப்பது கண்ணில் பட்டது. மேஜையில் ஒரு பெரிய திரை. திரையில் மூடுபனி. பனிக்குள் பாறை. பாறைக்கு மேலே மஞ்சள் தொட்டி.

கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. உடனே அறைக்கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"என்னண்ணே பிரச்சனை?"

"மெஷின்ல ஒண்ணுமில்லம்மா. நிக்கற இடந்தான் மட்டமில்ல. அது நேராத்தான் நிக்கறதா நெனைச்சுக்கிட்டு சாஞ்சு நிக்குது. அதான் ஓடுது."

 "சரிண்ணே" என்றது குரல்.

படி இறங்கி வரும்போது மெக்கானிக்குக் காது சூடாக இருந்தது. உலகத்திலேயே யாரிடமும் இல்லாத மலை இவளிடம் எப்படி இருக்கிறது? திருடியிருக்க வேண்டும். இல்லையென்றால் இவளே கம்பெனிக்காரி. கம்பெனிக்காரியாக இருந்தால் ஒட்டின ஜன்னலுக்கும் பேரில்லாத மணிக்கும் அர்த்தம் இருக்கிறது. எல்லாரிடமிருந்தும் பிடுங்கி, தான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறாள்!  எரிகிற வயிற்றோடு அட்டையில் சாய்ந்து குரூப்பில் எழுதினார்: 'மலைப்பாதை இன்னும் இருக்கு. என் கண்ணால பாத்தேன். என் தெருவுலயே.'

குரூப் கொதித்துவிட்டது. எங்கே, யார், எப்படி என்று கேள்விமேல் கேள்வி. இத்தனை வருஷத்தில் அவர் எழுதினதற்கு யாரும் இப்படி விழுந்தடித்துப் பதில் போட்டதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது ஹாரன் அவருக்குத் தனியாகக் குரல் அனுப்பினான். கனைப்பு, கனைப்பு.

"விஷயம் என்னன்னா தலைவரே, வீட்டை மட்டும் காட்டுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம். போன தடவை கதவுல பெயின்ட் அடிச்சதுக்கே கம்பெனிக்காரன் மூட்டை கட்டிட்டான். அதுக்கு முந்தின வீட்டுல ஸ்கூட்டர் சீட்டைக் கிழிச்சு விட்டோம். இந்த வாட்டி ஓட விடக்கூடாது."

மெக்கானிக் அதை மறுபடி போட்டுக் கேட்டார். மத்ததை என்றால் எதை? ஹாரன் கம்பெனிக்காரன் என்கிறான். மாடியில் இருப்பது ஒரு பெண்ணும், வாசற்படியில் கால் வைக்கவே பயப்படுகிற ஒரு அம்மாளும். இத்தனை நாள் மாடிமேல் இருந்த சந்தேகம் அந்த நிமிஷம் அப்படியே திரும்பி ஹாரன்மேல் விழுந்தது. ஆனாலும் மாடிமேல் இருந்தது முழுசாகப் போய்விடவும் இல்லை. அட்ரஸ் அனுப்பவில்லை. 'அப்புறம் சொல்றேன்' என்று மட்டும் எழுதினார்.

மறுநாள் மெஷின் மட்டம் நிற்கிறதா பார்க்க வந்ததாகச் சொல்லி மாடிக்குப் போனார். சித்தி சங்கிலியைக் கழற்றவில்லை.

"அது நல்லா நிக்குது. நீங்க போகலாம்."

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். கதவுல பெயின்ட் அடிச்சவன் பேரு எனக்குத் தெரியும். பேருன்னா பட்டப்பேரு."

சித்தியின் முகம் சுருங்கியது. "தம்பி, உங்களை யார் அனுப்பினது?"

"யாரும் அனுப்பலக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க."

உள்ளேயிருந்து பெண், "விடு சித்தி" என்றாள். சங்கிலி கழன்றது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினார்கள். குரூப்பில் நடப்பதை அவர் சொன்னார். தெரு என்று தான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொன்னார், ஆனால் அதை மட்டும் வேகமாகச் சொன்னார். சித்தி உடனே பிடித்துக்கொண்டாள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல, இல்ல?"

மெக்கானிக் பேச்சை மாற்றினார். "அந்த மலை உங்ககிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

"நான்தான் செஞ்சேன்."

"கம்பெனியில எத்தனை பேர்?"

"நான்தாண்ணே கம்பெனி."

அவர் நம்பவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, முதுகு வலிக்கு ஒரு தலையணை. வேறு ஆள் ஒளிய இடமில்லை. குரூப்பே சேர்ந்து இத்தனை வருஷமாக 'டேய் பசங்களா' என்று திட்டியது அந்த ஒரு நாற்காலியைத்தான் என்பது அவர் மண்டைக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவள் கதையை அவளே சொன்னாள், யாரோ மூணாவது மனுஷியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. முதலில் பல்செட் செய்கிற இடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அளவைக் கம்ப்யூட்டரில் போட்டு, பல் பல்லாக வடிவம் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க வாய்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தாடையும் அவள் கண்ணுக்கு மலைத்தொடராகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு விடுமுறை நாளில் விளையாட்டாக ஒரு தாடைமேல் ரோடு போட்டுப் பார்த்தாள். ரோடு போட்டதும் பஸ் விட ஆசை வந்தது. மற்ற ஊரெல்லாம் அதற்குப் பிறகு முளைத்ததுதான்.

"இருங்க இருங்க" என்றார் மெக்கானிக். "அப்ப இத்தனை நாளா நான் எவன் வாயிலயோவா பஸ் ஓட்டினேன்?"

"எவனோ இல்லண்ணே. சித்தியோட கீழ்த்தாடை. உச்சிக்கு முன்னாடி ஒரு வளைவு வரும்ல, சித்திக்கு அங்க ஒரு பல் இல்லை. மஞ்சள் தொட்டி, தங்கம் கட்டின பல்."

மெக்கானிக் சித்தியைப் பார்த்தார். சித்தி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அவ்வளவு ஆசையா செஞ்சதை எதுக்கும்மா தூக்கினீங்க?"

"தூக்கச் சொன்னது யாரு?" அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "உருளுது, உருளுதுன்னு ஆயிரக்கணக்குல வந்துச்சு. எங்க உருளுது, எப்ப உருளுது, என்ன போன், என்ன பண்ணிட்டு இருந்தீங்க, ஒருத்தர் சொல்லல. செத்துப் போன்னு எழுதத் தெரியுது, எந்த வளைவுன்னு எழுதத் தெரியல. நான் இந்த மேஜையில உக்காந்து அதே மலையை ஓட்டறேன், ஓட்டறேன், ஓட்டிக்கிட்டே இருக்கேன். எனக்கு உருளவே மாட்டேங்குது. வேணும்னு பள்ளத்துல விட்டாத்தான் விழுது. காரணம் தெரியாம எதைச் சரி பண்றது? எடுத்துட்டேன். எடுத்தப்புறம் எதுக்கு எடுத்தேன்னு கதவுல பெயின்ட்."

மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"ஒருத்தர் மட்டும் கொஞ்சம் தேவலை" என்றாள் அவள். "வாராவாரம் எழுதுவார். டிரம்முல போட்டு சுத்தணும்னு. கையை வெட்டறேன், காலை வெட்டறேன்னு வர்றதுக்கு நடுவுல அதைப் பாத்தா சிரிப்பு வரும். சுத்தினா அழுக்காவது போகும்னு நெனைச்சுக்குவேன்."

"அப்படியா" என்றார் மெக்கானிக். கையிலிருந்த ரசமட்டத்தைச் சட்டைத் துணியில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவள் அந்தக் கையையும் பார்த்தாள், சட்டையில் அச்சடித்திருந்த கடைப் பேரையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்கு என்னமோ போல இருந்தது.

"சித்தியால இனிமே இன்னொரு வீடு மாற முடியாதுண்ணே" என்றாள். "போன தடவை படியிலயே உக்காந்துட்டாங்க. அந்த ஹாரன் வந்தா நான் கேமையே மூடிட்டு, பழையபடி பல்லு செய்யப் போயிடுவேன்."

அடுத்த நாள் மத்தியானம் மெக்கானிக் வழக்கம்போல அட்டையில் சாய்ந்து விமான நிலையப் பாதையில் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். மெஷின்களுக்கு நடுவே நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மாடிப் பெண். குடிவந்ததிலிருந்து அவள் கீழே இறங்கி அவர் பார்த்ததில்லை. மெஷினின் தண்ணீர்க் குழாய் கசிகிறது என்று சொல்ல வந்தவள், அதைச் சொல்லாமல் அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள், டிரம் கணக்கைத் தீர்க்க வந்திருக்கிறாள் என்றே அவர் நினைத்தார்.

"அண்ணே, எப்பவும் இப்படித்தான் ஆடுவீங்களா?"

"எப்படி?"

"படுத்துக்கிட்டு. ஒருக்களிச்சு."

"பின்ன? வேலை செஞ்ச உடம்பு நின்னுக்கிட்டா ஆடும்?"

"மலைப்பாதையையும் இப்படித்தான் ஓட்டினீங்களா?"

"அதைத்தான் ரொம்ப ஓட்டினேன். எதுக்குக் கேக்கறே?"

அவள் அவர் கையிலிருந்த போனைத் தொடாமல், தலையை மட்டும் அது சாய்ந்திருந்த பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது நேராத்தான் நிக்கறதா நெனைச்சுக்கிட்டு சாஞ்சு நிக்குது. அதான் ஓடுது."

மெக்கானிக்குத் தன் வார்த்தையே தன்னை அறைந்த மாதிரி இருந்தது. போனைச் சாய்த்தால் பஸ் திரும்பும். படுத்துக்கொண்டு ஆடினால் போன் ஏற்கெனவே சாய்ந்துதான் கிடக்கும். அகலமான ரோட்டில் அது தெரியாது, கையே கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டிக்கொண்டு போய்விடும். மலையில் அதற்கு இடமேது? வளைவு வரவர பஸ் பள்ளத்துக்கு இழுக்கும். ஊரார் வீட்டு மெஷினுக்கெல்லாம் மட்டம் பார்க்கிற மனுஷனுக்குத் தன் படுக்கைக்கு மட்டம் பார்க்கத் தோன்றவில்லை. அவளோ மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனை நேராகப் பிடித்தே ஓட்டினாள். இவர்கள் படுத்துக்கொண்டு ஆடுகிற ஜாதி என்பதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"குரூப்ல கேட்டுப் பாருங்கண்ணே. விழுந்தப்ப எல்லாரும் எப்படி இருந்தாங்கன்னு."

இதில் ஏதாவது சூது இருக்குமோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. தப்பை ஆடுகிறவன் தலையில் கட்டப் பார்க்கிறாளோ? இருந்தாலும் கேட்டார். 'மலையில பஸ் உருண்டப்ப நீங்க எப்படி இருந்தீங்க?'

ஒருவன் 'கோவமா இருந்தேன்' என்றான். ஒருவன் 'போர்வைக்குள்ள' என்றான். 'மாமியார் வீட்டு சோபாவுல மல்லாக்க', 'ஆஸ்பத்திரி பெஞ்சுல', 'பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு கையில', 'கட்டில்ல, பொண்டாட்டிக்குத் தெரியாம அந்தப் பக்கம் திரும்பி'. நேராக உட்கார்ந்திருந்ததாக ஒருத்தனும் சொல்லவில்லை. அவள் அத்தனையையும் அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள். சிரித்தாளா, அழுதாளா என்று பார்க்க அவர் திரும்பவில்லை.

அதற்குள் ஹாரனின் குரல் வந்துவிட்டது. "விஷயம் என்னன்னா, இதை உன்னைக் கேக்கச் சொன்னது யாரு? மலை இருக்குன்னே, தெருன்னே, அட்ரஸ் கேட்டா வாயைத் திறக்கல. இப்ப ஆபீஸர் மாதிரி கேள்வி கேக்கறே. கம்பெனிக்காரன் ஆளா நீ?"

மெக்கானிக் யோசித்து எழுதினார்: 'நான் பாத்தது ஒரு பழைய போன். அதுல பழைய கேம் இருந்துச்சு. அவ்வளவுதான்.' பொய் எழுதிப் பழக்கமில்லாதவர் எழுதின பொய். யாரும் நம்பவில்லை. கைக்கூலி, எட்டப்பன், எலும்புத்துண்டு என்று வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் குரூப்பிலிருந்தே அவரைத் தூக்கிவிட்டார்கள்.

"போனா போறானுங்க" என்றார் அவர். ஆனால் அதற்கப்புறம் மத்தியானங்களில் கடை ரொம்ப அமைதியாக இருந்தது.

மாடியில் பஸ் சத்தம் கூடியது. பஸ் கிளம்புகிற நேரத்தில் போன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதையே மட்டமாக எடுத்துக்கொள்கிற மாதிரி அவள் மாற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே வந்து ஒரு பழைய போனை நீட்டுவாள். "படுங்கண்ணே" என்பாள். அவர் படுப்பார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், மெக்கானிக் படுத்திருக்க, ஒரு பெண் பக்கத்தில் நின்று முகத்தைச் சுளித்துப் பார்ப்பதைப் பார்த்து, உடம்பு முடியவில்லையோ என்று விசாரித்துவிட்டுப் போனார். மனைவி சந்தேகமே படவில்லை. "இவரைப் படுக்க வெச்சு வேலை வாங்கறதுக்கு ஒரு ஆள் கிடைச்சுதே" என்றாள்.

ஆனால் சித்தி விடவில்லை. படியின் மேல்தட்டில் நின்று, அவர் அந்த போனை மறைவாகப் படம் எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் முற்பகலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் கடை வாசலில் வந்து நின்றான். கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டான். தொண்டையை இரண்டு தரம் கனைத்தான்.

"விஷயம் என்னன்னா அண்ணே, இந்தத் தெருவுல ஒரு வீட்டுல பகல் பூரா பஸ் சத்தம் கேக்குதாமே. எந்த வீடு?"

கனைப்பிலேயே மெக்கானிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது; குரூப்பில் கிடந்த தன் போன் நம்பரை வைத்துத்தான் தெருவைப் பிடித்திருக்கிறான். சரியாக அந்த நேரம் பார்த்து மாடியில் பஸ் கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது கியர். அவன் தலை மேலே திரும்பியது.  மெக்கானிக், பேரிங் போய் ஓரமாகக் கிடந்த மெஷின் ஒன்றை இழுத்து, பிளக்கைச் சொருகி, பிழிகிற பட்டனை அழுத்தினார். அது முதலில் முனகியது. அப்புறம் உறுமியது. அப்புறம் ஏற்றத்தில் திணறுகிற ஓட்டை பஸ் மாதிரி தெருவே அதிரக் கத்தியது. மேலே கேட்ட பஸ் அதில் அமுங்கிப்போனது.

"இதான் பஸ்ஸு!" என்று மெக்கானிக் தகரக் குரலில் கத்தினார். "பேரிங் போனா இப்படித்தான் கத்தும்! தெருவுல பாதிப்பேர் சண்டைக்கு வந்துட்டானுங்க! நீ ஒருத்தன்தான் பாக்கி!"

அவன் காதைப் பொத்திக்கொண்டான். நம்பினானா என்று சொல்ல முடியாது. கடைப் பலகையைப் போனில் ஒரு படம் எடுத்தான். எதிர்ச்சாரியை ஒரு தரம், மாடி ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாளை ஒரு தரம் பார்த்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பி வெகுநேரம் கழித்தும் மெக்கானிக் அந்த மெஷினை நிறுத்தவில்லை.

சித்தி மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்தது அவளுக்குப் போதுமாக இருந்தது. இன்னொரு வீடு மாற அவளால் முடியாது என்று பெண் சொல்லியிருந்த அந்த அம்மாள், அன்று மாலையே பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். வேறு ஊரில் அவளுடைய அக்காள் வீடு இருக்கிறதாம். எந்த ஊர் என்று மெக்கானிக் கேட்டார்.

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் சித்தி.

"சும்மா கேட்டேன்க்கா."

"முதல்ல தெருன்னு எழுதினீங்களே, அதுவும் சும்மாதானே?"

 மறுநாள் வேன் வந்ததும் மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு மெஷினைப் படியில் தானே இறக்கினார். வழியில் டிரம் ஆடி உடையாமலிருக்கப் பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கினார். போய்ச் சேர்ந்ததும் இதைக் கழற்றாமல் ஓட்டக் கூடாது, ஓட்டினால் கூரை பறக்கும் என்று இரண்டு தரம் சொன்னார். போகிற இடத்தில் தரை எப்படியோ என்று, ரசமட்டத்தையும் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். சித்தி அதைப் பிரித்துப் பார்த்து, ரசமட்டம்தான் என்று உறுதி செய்துகொண்டு திரும்பச் சுற்றினாள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு அவரைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். ஒரு பல் இல்லாத இடத்தையும் அதைத் தாண்டி மின்னின தங்கத்தையும் அவர் பார்த்தார். எத்தனை தரம் உருண்டிருப்பார் அந்த இடத்தில்!

"கேமை மூடப் போறியாம்மா?" என்று பெண்ணிடம் கேட்டார். காலையிலிருந்து கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்திருந்தது அது.

"மூடறதாத்தான் இருந்தேன்" என்றாள் அவள். "படுத்துக்கிட்டு ஓட்டறீங்கன்னு தெரியாம இருந்தவரைக்கும். மலை அடுத்த வாரம் வருது."

வேன்காரர் எஞ்சினைக் கிளப்பினார். அவள் ஏறவில்லை. தெருவின் இரண்டு முனைகளையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள், அது இப்போது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பிறகு அவர் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, எனக்காக ஒண்ணு பண்ணுங்க. மலை வந்ததும் அந்த அட்டையில படுத்து தொட்டி வரைக்கும் ஓட்டுங்க. அதுல இன்னும் ஒரு தப்பு இருக்கும், எனக்குத் தெரியாத தப்பு. அதைக் கண்டுபிடிச்சு எழுதுங்க. எந்த வளைவு, எந்தப் பக்கம் சாஞ்சு படுத்திருந்தீங்க, முதல்ல என்ன ஆச்சு, எல்லாம் எழுதுங்க. கடைசியில டிரம்மு, கிரம்முன்னு என்ன வேணா திட்டிக்கங்க, அப்பத்தான் நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஆனா நல்லா இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா நான் நம்ப மாட்டேன்."